கீழ்க்கோடு

போன பருவம் தலையும் வாலும் படித்தோம்.
பட்டியலில் முதலில் நிற்பது தலை,
மிச்சமெல்லாம் வால்.
தலையை எடுத்துக்கொள்,
வாலைத் திரும்பவும் உன்னிடமே கொடு,
வெறும் பட்டியல் கையில் வரும்வரை.
எனக்கு அது விளங்கியது வகுப்பில் அல்ல,
ஞாயிறு காலை மீன் சந்தையில்.
பாரைக்குட்டிகளை ஒவ்வொன்றாய்த் தராசுக்குத் தூக்கியவர்
பெட்டியடியில் ஐஸ் தண்ணீர் மட்டும் மிஞ்சியபோது
கையைச் சாரத்தில் துடைத்துவிட்டு
மொத்தம் சொன்னார்.
எதையும் எழுதவில்லை அவர்,
எதையும் அழிக்கவுமில்லை.

இந்தப் பருவம் புரோலோக்.
இதற்குக் கட்டளையிட முடியாது.
தெரிந்ததைச் சொல்லி முற்றுப்புள்ளி வைத்துவிட்டு
கேட்க வேண்டும், அவ்வளவுதான்.
புள்ளியை மறந்தால்
இன்னொரு பிரதி எங்கே என்று பார்க்கும்
கச்சேரி லிகிதர் மாதிரி
பேசாமல் இருக்கும்.

பாடத்தின் பெயர் செயற்கை நுண்ணறிவு.
கோணேசபுரி ஆய்வுகூடத்தில்
இரண்டு பேருக்கு ஒரு கணினி.
றிஸ்மியா கிண்ணியா, நான் சாம்பல்தீவு.
முதல் பயிற்சி, வழி தேடல்:

பாதை(திருகோணமலை, கிண்ணியா).
பாதை(கிண்ணியா, மூதூர்).
பாதை(மூதூர், சம்பூர்).

போன வழி பிழைத்தால்
கடைசிச் சந்திக்குத் திரும்பி வந்து
அடுத்ததில் மூக்கை நுழைக்கும்,
பஸ் நிலையத்து மான்கள்
ஒவ்வொரு பையாய் முகர்ந்து திரும்புவதைப் போல.
வந்த பாதையையும் எழுதுவோமே என்று
பாதை(மூதூர், கிண்ணியா) சேர்த்தேன்.
கிண்ணியா மூதூர் கிண்ணியா மூதூர் கிண்ணியா
நினைவகம் நிரம்பி விழுந்தது.
"எங்கட வாப்பா பஸ் ஓட்டின கதை" என்று
மேசையில் தலைவைத்துச் சிரித்தாள் றிஸ்மியா.

பிறகு எழுத்துச் சிக்கல்.
ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் தொடங்கினால்
அது தெரியாதது, தேட வேண்டியது.
சின்ன எழுத்தென்றால் தெரிந்த பெயர்.
எங்கள் எழுத்தில் பெரியதேது, சின்னதேது?
தமிழில் எதை அடித்தாலும்
ஏற்கெனவே அறிமுகமான ஒன்றாய் எடுத்துக்கொள்கிறது.
யார் என்று கேட்டால்
யார் என்றொரு ஆள் இருப்பதாய் நம்புகிறது.
தெரியாததைத் தெரியாதென்று சொல்ல
முன்னால் ஒரு கீழ்க்கோடு போடவேண்டும்.
_யார். _எங்கே.
பெயரே தேவையில்லை, எதுவானாலும் சரியென்றால்
கோடு மட்டும்.

"படிவத்தில வாற கோடுதானே" என்றாள்.

நான் தண்ணீர் குடித்துவிட்டு வருவதற்குள்
புதிதாய் மூன்று வரிகள்:

இருப்பிடம்(தர்மிகா, சாம்பல்தீவு).
இருப்பிடம்(றிஸ்மியா, கிண்ணியா).
சாச்சா(நௌபர், றிஸ்மியா).

கேள்வி:
இருப்பிடம்(நௌபர், _எங்கே).

பொய் என்றது.

அது அப்படித்தான் சொல்லும், நான் அவசரமாய் விளக்கினேன்.
மூடிய உலகம் என்று மூன்றாம் பாடத்தில் வருகிறது,
அதற்கு நிரூபிக்க முடியாததெல்லாம் பொய்,
இல்லை என்பதற்கும்
எனக்குச் சொல்லப்படவில்லை என்பதற்கும்
அதனிடம் ஒரே சொல்தான்,
பரீட்சைக்கு எட்டுப் புள்ளி.
என் வாய் நிற்கவில்லை.
அவள் திரையைப் பார்த்தபடி
இன்னொரு வரி சேர்த்தாள்:

இருப்பிடம்(நௌபர், _).

மூதூரில்? ஆம்.
சம்பூரில்? ஆம்.
ஆய்வுகூடத்தில்? ஆம்.
விசைப்பலகையில் கண்டபடி விரல்களை ஓடவிட்டு
இல்லாத ஊரொன்றை உண்டாக்கினாள்.
அங்கேயும் ஆம்.
கடைசியாய், _எங்கே?
ஆம் என்றது, ஊர் சொல்லவில்லை.

ஐந்தரை பஸ்ஸுக்கு ஓடினோம்.
அன்றைக்கு நிலாவெளி வீதியில்
மழைக்கு முந்திய வெயில், உப்புக் காற்று.
அவள் யன்னலோரம்.
நௌபர் எந்த வருஷம், கடலா தரையா,
நான் கேட்கவில்லை.

ஒப்படைக்குமுன் அந்த வரியை எடுக்கவேண்டும்.
இருந்தால் விடை பிழைக்கும்.
வெள்ளிக்கிழமைதான் கடைசி நாள்,
இன்றைக்குச் செவ்வாய்.